கீல் இறுகுகிறது, ஆடுகிறது, வெடிக்கிறது: குறையை அறிகுறியிலிருந்து தேடும் வழி

கீல் செய்யும் லைனில் குறை கண்ணில் படும் இடம் பெரும்பாலும் கடைசி மேசைதான். இரண்டு தகட்டையும் கோத்து, நடுக்கம்பி அடித்து, மடக்கி விரித்துப் பார்க்கிறவர்தான் முதலில் "இது ஓடவில்லை" என்பார். உடனே எல்லோர் கையும் கம்பி முனையை நசுக்கித் தலையாக்கும் ரிவெட் மெஷினுக்குப் போகும். அங்கே அழுத்தத்தைக் குறைத்தால் அன்றைய பெட்டி தப்பிவிடும். கொஞ்ச நாளில் கம்பி கழன்று விழுகிறது என்று வேறு புகார் வந்து நிற்கும். பல நேரம் இறுக்கம் ரிவெட்டில் பிறப்பதே இல்லை. சுருட்டும் இடத்தில் பிறந்து, நடுவில் யாரும் அளக்காததால் கடைசி மேசை வரை வந்திருக்கும்.

அதனால் இதை அறிகுறியிலிருந்து பின்னோக்கிப் போகும்படி எழுதியிருக்கிறேன். பேச்சு, கதவுக்குப் போடும் சாதாரண பிரஸ் கீலைப் பற்றி. எஃகுப் பட்டை காயில் என்ற சுருளிலிருந்து அவிழ்ந்து, நேராக்கும் உருளைகளுக்கு நடுவே நுழைந்து, பட்டையை அளந்து முன்னே தள்ளும் ஃபீடருக்கு வரும். பட்டை நகர நகர ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அடுத்தடுத்த வேலை நடக்கும் புரோகிரசிவ் டையில் முதலில் துளை, பிறகு ஓரத்தில் பல் பல்லாக வெட்டு, பிறகு முனை வளைப்பு, சுருட்டல், கடைசியில் துண்டிப்பு. சுருண்டு நிற்கும் அந்தக் குழல்கள்தான் நக்கிள். அப்புறம் கவுன்டர்சிங்க் (திருகுத் தலை அமரும் பள்ளம்), வெட்டிய ஓரத்தில் நிற்கும் கூரான பிசிறை நீக்கும் டிரம், பிளேட்டிங் (மின்னோட்டத்தில் ஏற்றும் உலோகப் பூச்சு), கோப்பு, ரிவெட். சில இடங்களில் கோத்து முடித்த பிறகுதான் பிளேட்டிங் நடக்கும். அது தனி வம்பு, அதன் இடத்தில் வருகிறது.

## எதையும் தொடுவதற்கு முன்

குறை எப்போது ஆரம்பித்தது என்று முதலில் கேளுங்கள். பாதிக் காரணம் அந்தப் பதிலிலேயே இருக்கும்.

காயில் மாற்றியதிலிருந்து வருகிறது என்றால் பட்டையின் தடிமனையும் கடினத்தையும் பாருங்கள். டையைக் கழற்றி மாட்டியதிலிருந்து என்றால் ஷட் ஹைட் (மூடிய நிலையில் உள்ள உயரம்), டைக்கு அடியில் சிக்கிய துகள், இறுக்காத போல்ட். மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே வந்தது என்றால் தேய்மானம். விட்டு விட்டு, நல்லதற்கு நடுவில் ஒன்று கெட்டதாக வருகிறது என்றால் ஃபீடர் வழுக்குகிறது, அல்லது வெட்டுத் துண்டு மேலே ஏறி வருகிறது, அல்லது இரண்டு லாட் ஒரே தொட்டியில் கலந்துவிட்டது.

அடுத்து, பிரஸை நிறுத்தி, டைக்குள் இருக்கும் பட்டையை வெட்டாமல் முழுசாக வெளியே எடுங்கள். துளையிலிருந்து சுருட்டல் வரை ஒவ்வொரு ஸ்டேஷனின் வேலையும் அதில் வரிசையாக நிற்கும். முடிந்த கீலை நூறு தடவை புரட்டுவதைவிட இந்த ஒரு பட்டையை ஐந்து நிமிடம் பார்ப்பது பலன் தரும். டை நன்றாக ஓடிய நாளில் எடுத்த பட்டை ஒன்றை எண்ணெய் தடவி வைத்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். வைத்திருக்காதவர்கள், இந்தக் கோளாறு சரியான உடனே ஒன்றை எடுத்து வையுங்கள்.

## கீல் இறுக்கமாக ஓடுகிறது

அதிகம் வருவதும் அதிகம் தப்பாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான். இறுக்கம் எப்படிப்பட்டது என்று கையால் உணர்ந்து பாருங்கள்.

நாலைந்து முறை மடக்கியதும் இளகிவிடுகிறதா? பிளேட்டிங்கின் தூளோ சின்னப் பிசிறோ உள்ளே இருக்கிறது. இளகிவிட்டதே என்று விட வேண்டாம். உடைந்த பிசிறு உள்ளேயே கிடந்து கம்பியை அரைக்கும்.

ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் இறுகி, தாண்டினால் லேசாகிறதா? கம்பி வளைந்திருக்கும், இல்லையென்றால் நக்கிள்கள் ஒரே கோட்டில் இல்லை. ரிவெட் செய்யாத கீல் ஒன்றை எடுத்து, கம்பியை அரைச்சுற்று திருப்பிப் போடுங்கள். இறுகும் கோணம் இடம் மாறினால் கம்பிதான் குற்றவாளி. மாறவில்லையென்றால் நக்கிள். கம்பியை சர்ஃபேஸ் பிளேட் என்ற துல்லியமான தட்டைப் பலகையில் உருட்டினால், வளைந்த கம்பி அடியில் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரியும். அப்படியானால் கம்பியை நேராக்கி வெட்டும் மெஷினில் நேராக்கும் கட்டைகள் தேய்ந்திருக்கும்.

முழு ஓட்டத்திலும் ஒரே இறுக்கமா? இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு தகட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கம்பியின் நீளவாக்கில் தள்ளிப் பாருங்கள். மயிரிழை அளவாவது நகர வேண்டும். துளியும் நகரவில்லையென்றால் நக்கிள்களின் பக்கமுகங்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. ஒன்று, பல் வெட்டும் பஞ்ச் (மேலிருந்து இறங்கி வெட்டும் கருவி) தேய்ந்து இடைவெளி சிறுத்துவிட்டது. அல்லது பக்கமுகத்தில் பிசிறு நிற்கிறது. அல்லது ரிவெட் இரண்டு முனையையும் நெருக்கிவிட்டது. ரிவெட் செய்யாத கீலிலும் அதே நெருக்கம் இருந்தால் முதல் இரண்டில் ஒன்று.

நீளவாக்கில் நன்றாக நகர்கிறது, ஆனால் சுழற்றினால் இறுகுகிறது என்றால் சிக்கல் குழலுக்குள்ளே. கோக்காத தகட்டில் நேரான, கடினப்படுத்திய கேஜ் கம்பியை, அதாவது அளவு பார்க்கும் கம்பியை விடுங்கள். தனித்தனி நக்கிளில் போகிறது, எல்லாவற்றிலும் சேர்த்துப் போக மறுக்கிறது என்றால் அச்சுக்கோடு வளைந்திருக்கிறது. காயிலின் வளைவு நேராக்கும் உருளைகளில் சரியாக நீங்கவில்லை, அல்லது சுருட்டும் பஞ்ச் ஒரு பக்கம் அதிகம் இறங்குகிறது. ஒரே ஒரு நக்கிளில் மட்டும் சிக்குகிறது என்றால் அந்த இடத்து டைக் குழியைத் துடைத்துப் பாருங்கள். துகள் ஒட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எல்லா நக்கிளும் சமமாகச் சிறுத்திருந்தால் சுருட்டல் அளவுக்கு மேல் இறங்குகிறது.

பிளேட்டிங்குக்கு முன்னால் போன கேஜ் அதற்குப் பிறகு போகவில்லையா? கணக்கு எளிது. பூச்சு 8 மைக்ரான் என்றால் கம்பியின் விட்டம் 16 மைக்ரான் கூடும். குழலுக்குள்ளும் அதே அளவு ஏறினால் அங்கே 16 குறையும். ஆக, 32 மைக்ரான் இடைவெளி போய்விடும். உண்மையில் குழலுக்குள் மின்னோட்டம் சரியாகப் போகாது. உள்ளே மெலிதாகவும் வாயில் தடிப்பாகவும் படியும். அதனால்தான் கம்பி வாயிலேயே முட்டிக்கொள்கிறது. பிளேட்டிங்குக்கு முந்தைய அளவில் இந்த இடத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். பூச்சு ஏறிய பிறகு ரீமர் (துளையைப் பெருக்கும் கருவி) விட்டுத் தேய்ப்பது துருவுக்குக் கதவைத் திறந்து வைக்கும் வேலை.

கடைசியாகத்தான் ரிவெட். முனை நக்கிள் மட்டும் இறுகி நடுவில் உள்ளவை லேசாக இருந்தால் சந்தேகம் நியாயம். கம்பி வெளியே அதிகம் நீண்டிருந்தால், அடிக்கும்போது தலை உருவாவதற்கு முன் நக்கிளுக்குள் இருக்கும் உடம்பு உப்பிவிடும். அழுத்தத்தைக் குறைப்பதல்ல இதற்கு மருந்து. கம்பியின் நீளத்தைக் குறைக்க வேண்டும். நேராக இடிப்பதற்குப் பதில் சுழன்று சுழன்று தலையை உருட்டும் ஆர்பிட்டல் ரிவெட் இருந்தால் இந்த உப்பல் வெகுவாகக் குறையும்.

## தளர்ந்து ஆடுகிறது

கம்பி சிறுத்ததா, குழல் பெருத்ததா? கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்தால் பாதிச் சந்தேகம் தீரும். கம்பி சரி என்றால், நக்கிள் சுருண்டு முடியும் இடத்தில் உள்ள இடைவெளியைப் பாருங்கள்.

குழல் நல்ல வட்டமாக இருக்கிறது, ஆனால் முடியும் இடத்தில் வாய் திறந்திருக்கிறது என்றால் சுருட்டக் கொடுத்த நீளம் போதவில்லை. 2 மி.மீ. தகட்டில் உள்விட்டம் 6 மி.மீ. வேண்டுமென்றால், தகட்டின் நடுத்தடிமனில் விட்டம் 8 மி.மீ.; சுற்றளவு சுமார் 25 மி.மீ. பட்டையின் அகலம் அரை மில்லிமீட்டர் குறைந்தால் அது அப்படியே வாயாகத் திறக்கும். அகலம் குறைவா, டையில் பட்டையை ஓரத்தோடு அணைக்கும் வழிகாட்டி தேய்ந்து பட்டை ஒரு பக்கம் ஒதுங்குகிறதா என்று பாருங்கள்.

வாய் திறந்து, விட்டமும் பெருத்திருந்தால் அது ஸ்பிரிங் பேக், அதாவது வளைத்த தகடு கொஞ்சம் திரும்ப விரிவது. காயில் முந்தையதைவிடக் கடினமாக இருந்தால், சுருட்டி விட்டதும் அது கூடுதலாகத் திறந்துகொள்ளும். டையைத் திருத்துவதற்கு முன் இரண்டு காயிலிலும் கடினத்தைச் சோதியுங்கள். ஒரு காயிலுக்காக டையைத் திருத்திவிட்டு, அடுத்த காயிலில் எல்லாமே இறுகிப்போய்த் திரும்பத் திருத்துகிற லைன்கள் உண்டு.

மூன்றாவது வகைதான் ஏமாற்றும்: குழல் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் கூம்பி, முட்டை போல நிற்பது. தகட்டின் ஓரத்தைச் சுருட்டும் குழிக்குள் தள்ளும்போது, கடைசி நுனி தானாக வளையாது. வளைக்க அதற்கு நீளம் கிடையாது. ஏறக்குறைய தடிமன் அளவு நுனி தட்டையாகவே நின்றுவிடும். அதனால்தான் சுருட்டுவதற்கு முந்தைய ஸ்டேஷனில் நுனியை மட்டும் அழுத்தி வளைக்கிறார்கள். அந்த வளைப்பு குறைந்தால் குழல் கூம்பும். எடுத்து வைத்த பட்டையில் இது பளிச்சென்று தெரியும். எண்ணெய் வற்றினாலும் நுனி குழியில் ஒட்டி நின்று இதே உருவம் வரும், முதலில் அதைப் பாருங்கள்.

இப்படிப்பட்ட குழலுக்குத் தடித்த கம்பி போட்டு ஆட்டத்தை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அன்று நிற்கும். முழு வட்டமும் தாங்க வேண்டிய சுமையை இரண்டே கோடுகள் தாங்கும், அவை தேய்ந்ததும் முன்னைவிட மோசமாக ஆடும்.

## நக்கிளின் வெளிப்பக்கம் வெடிக்கிறது

வெடிப்பு என்றதும் பொருளைக் குறை சொல்லிக் காயிலைத் திருப்பி அனுப்புவது வழக்கம். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. அதே காயிலில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்று பட்டையின் நீளவாக்கில், ஒன்று குறுக்கில். ஓரங்களை அரத்தால் மழமழவென்று தேய்த்துவிட்டு, இரண்டையும் வைஸில் வைத்து நக்கிளின் ஆரத்துக்கு வளையுங்கள்.

இரண்டும் வெடித்தால் பொருள் உண்மையிலேயே கடினம். திருப்பி அனுப்பலாம்.

வளைவின் மடிப்புக்கோடு உருட்டிய திசைக்கு இணையாக விழும் துண்டு மட்டும் வெடித்தால் அது திசைக் கோளாறு. பட்டை நீளவாக்கில் ஓடி ஓரம் சுருளும் டையில் நக்கிளின் அச்சு எப்போதும் உருட்டிய திசைக்கு இணையாகத்தான் விழும். டையை மாற்றாமல் அதைத் தவிர்க்க வழியில்லை. அதனால் அப்படிப்பட்ட டைக்கு இன்னும் மென்மையான, இழுத்து வடிவமைப்பதற்கென்றே வரும் தரத்துப் பட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். அரைக்கடினப் பித்தளையும் ஸ்டெயின்லெஸ்ஸும் இங்கே சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

இரண்டுமே வெடிக்கவில்லை, பிரஸில் மட்டும் வெடிக்கிறது என்றால் பிசிறைப் பாருங்கள். வெட்டிய ஓரத்தில் பிசிறு உள்ள பக்கம் குழலின் உள்ளே இருக்க வேண்டும். உள்பக்கம் நெருங்கும், வெளிப்பக்கம் இழுபடும். பிசிறு வெளியே வந்தால் அதன் ஒவ்வொரு பல்லும் ஒரு வெடிப்பின் தொடக்கம். வெடிப்பு நக்கிளின் நடுவில் இல்லாமல் பக்க ஓரத்திலிருந்து உள்ளே ஓடுகிறதா? சந்தேகமே வேண்டாம், காரணம் பல் வெட்டும் பஞ்ச். அதைச் சாணை பிடித்தால் போதும்.

பித்தளைக் கீல் பிரஸில் நன்றாக வந்து, பெட்டியில் சில வாரம் கிடந்த பிறகு வெடிப்பது வேறு கதை. வளைத்ததால் உள்ளே தங்கிய இழுவிசையும் காற்றில் அம்மோனியா வாடையும் ஈரமும் சேர்ந்தால், துத்தநாகம் அதிகமுள்ள பித்தளை யாரும் தொடாமலே பிளக்கும். சுருட்டிய பிறகு 250 முதல் 300 டிகிரி செல்சியஸில் சூடாக்கி இழுவிசையைத் தளர்த்துவதுதான் தீர்வு. கிடங்கில் அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களைப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

## இரண்டு தகடும் கோக்க மறுக்கின்றன

ஒரு தகட்டின் நக்கிள் மற்றதின் இடைவெளிக்குள் போகவில்லை, அல்லது போனாலும் மேலும் கீழும் ஓரம் தாண்டி நிற்கிறது. பல்லின் அகலத்தைத் தனியாகவும், பல்லுக்குப் பல் தூரத்தைத் தனியாகவும் அளங்கள். அகலம் தப்பு என்றால் பஞ்சும் டையும். தூரம் தப்பு என்றால் ஃபீடர்.

ஃபீடர் உருளைகளில் எண்ணெய் படிந்து வழுக்குவது சாதாரணம். அதைவிடக் கவனிக்க வேண்டியது, பட்டையைச் சரியான இடத்தில் நிறுத்தும் பைலட் ஊசிகள் துளைக்குள் இறங்கும் அந்த நொடியில் உருளைகள் பட்டையைக் கைவிடுகின்றனவா என்பது. விடாவிட்டால் பைலட்டும் ஃபீடரும் பட்டையை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். துளை நீள்வட்டமாகும், பைலட் வளையும், தூரம் தாறுமாறாகும். பைலட் துளையின் ஒரு ஓரம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் இதுதான் நடக்கிறது.

## பிசிறு, தகட்டில் பள்ளம்

மென்எஃகுக்குப் பஞ்சுக்கும் டைக்கும் நடுவே ஒரு பக்கத்துக்குத் தடிமனில் 5 முதல் 10 சதவீதம் இடைவெளி வழக்கம். பிசிறு சுற்றிலும் சமமாக இருந்தால் சாணை. ஒரு பக்கம் மட்டும் என்றால் பஞ்ச் மையம் விலகியிருக்கிறது. சாணை பிடித்தாலும் போகாது.

தகட்டின் முகத்தில் ஒரே வடிவத்தில் அங்கங்கே பள்ளம் விழுந்தால், துளையின் வெட்டுத் துண்டு பஞ்சோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்து தகட்டில் நசுங்குகிறது. பஞ்ச் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கட்டும். பஞ்ச் முகத்தில் ஸ்பிரிங் ஊசி வைக்கலாம். கொழகொழ எண்ணெய் என்றால் மாற்றிப் பாருங்கள்.

## திருகுத் தலை துருத்துகிறது, மூடினால் கோணல்

கவுன்டர்சிங்க் ஆழம் குறைந்தால் துருத்தும், அதற்கு ஸ்டாப்பரைத் திருத்தினால் போயிற்று. பள்ளம் துளைக்கு மையமாக இல்லாமல் ஒதுங்கியிருந்தால், தகடு தட்டையாகப் படியாமல் துளைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் துளையின் அடிப் பிசிறே தகட்டைத் தூக்கியிருக்கும். சுருட்டலுக்கு அருகில் உள்ள துளை மட்டும் நீள்வட்டமானால், சுருட்டும்போது அந்தத் துளை இழுபட்டிருக்கிறது. அதைத் தள்ளி வைக்க வேண்டும், அல்லது சுருட்டிய பிறகு துளையிட வேண்டும்.

மூடும்போது இரண்டு தகடும் ஒரு முனையில் ஒட்டி மறு முனையில் விலகினால், ஒவ்வொரு தகட்டையும் தனியாக சர்ஃபேஸ் பிளேட்டில் வையுங்கள். தகடு முறுக்கியிருந்தால் நேராக்கும் உருளைகள். தட்டையாக இருந்தும் கோணல் என்றால் நக்கிளின் அச்சு ஓரத்துக்கு இணையாக இல்லை. பட்டை வாள் போலப் பக்கவாட்டில் வளைந்திருக்கிறதா என்று தரையில் ஒரு நீளத்தை விரித்துப் பாருங்கள். பக்க வளைவை உருளைகள் நீக்காது.

## கம்பி கழன்று வருகிறது

தலை சிறிதாக இருந்தால் கம்பி குட்டை. தலை வேண்டிய அளவு இருந்தும் ஓரம் விண்டு வெடித்திருந்தால் கம்பி கடினம். தலை நன்றாக இருந்தும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கீலைப் பிடிக்கும் பிடி தேய்ந்திருக்கிறது. ரிவெட் இல்லாமல், கம்பியில் வரிவரியாகக் கீறி அழுத்தி நிறுத்தும் வகையில், கீறல் முனை நக்கிளுக்குள் விழ வேண்டும். நீளம் மாறி அடுத்த நக்கிளுக்குள் விழுந்தால், கம்பி கழல்வதோடு கீலும் இறுகும்.

## பிளேட்டிங்குக்குப் பிறகு தெரியும் குறைகள்

பூச்சு உரிந்தால் எண்ணெய் நீக்கிய தொட்டியைப் பாருங்கள். சுருட்டும்போது அடித்த கெட்டியான எண்ணெய் சுலபத்தில் போகாது. தண்ணீரில் முக்கி எடுத்தால் நீர் படலமாக வழிய வேண்டும். திவலையாக உருண்டால் எண்ணெய் இருக்கிறது.

கீலுக்கே உரிய குறை ஒன்று உண்டு. கோத்து முடித்துப் பிளேட்டிங் செய்த கீல் பளபளவென்று பெட்டிக்குள் போகும். சில நாளில் நக்கிள் இடுக்குகளில் வெள்ளைக் கறையும் பழுப்புக் கசிவும் தெரியும். அமிலமும் பிளேட்டிங் கரைசலும் இடுக்கில் தங்கி மெல்ல வெளியே வருகின்றன. கழுவும் தொட்டியைக் கூட்டினாலும், சுடுநீரும் குளிர்நீரும் மாற்றி மாற்றிக் கழுவினாலும், சுழற்றி உலர்த்தினாலும் குறையும். முற்றிலும் நிற்காது. தகட்டையும் கம்பியையும் தனித்தனியாகப் பிளேட்டிங் செய்து, பிறகு கோப்பதே சரியான வழி என்பது என் கருத்து. ரிவெட் தலையில் பூச்சு விரிசல் விடும் என்ற ஆட்சேபம் உண்மைதான், ஆனால் அது ஒரு புள்ளி. இடுக்கின் கசிவு கீல் முழுவதையும் கெடுக்கும்.

உப்புநீரைப் பனிபோலத் தெளித்துத் துருவைப் பார்க்கும் உப்புப் பனிச் சோதனையில் தோற்றால் எங்கே முதலில் துரு வந்தது என்று குறித்து வையுங்கள். சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9227 முறையில் 5 சதவீத உப்புக் கரைசல், 35 டிகிரி செல்சியஸ். தகட்டின் நடுவில் வந்தால் பூச்சு மெலிது. இடுக்கில் வந்தால் மேலே சொன்ன கசிவு. வெட்டு ஓரத்தில் வந்தால் பிசிறு.

தானாக மூடும் ஸ்பிரிங் கீல் என்றால் இன்னொன்று சேரும். கடினமான ஸ்பிரிங் கம்பி அமிலத்திலும் பிளேட்டிங்கிலும் ஹைட்ரஜனை உறிஞ்சி, பிறகு சுமை ஏறியதும் படீரென்று முறியும். பிளேட்டிங் முடிந்து சில மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி செல்சியஸில் அடுப்பில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். சாதாரண மென்எஃகுக் கீலுக்கு இது தேவையில்லை.

பவுடர் கோட்டிங் செய்கிற கீலில் நைலான் வளையங்களை அடுப்புக்குப் பிறகு போடுங்கள். 180 முதல் 200 டிகிரி வரை போகும் சூட்டில் பல நைலான் வளையங்கள் வடிவம் இழக்கும்.

## கிரீச் சத்தமும் கறுப்புத் தூளும்

எஃகுக் கீலில் கிரீச் என்றால் பெரும்பாலும் கிரீஸ் இல்லாததுதான். ஸ்டெயின்லெஸ் கீலில் சத்தத்தோடு கறுப்புத் தூளும் கொட்டினால் விஷயம் வேறு. ஒரே வகை ஸ்டெயின்லெஸ் ஒன்றோடொன்று அழுத்தி உரசும்போது மேற்பரப்புகள் ஒட்டிப் பிய்ந்து, மேலும் கரடாகும். கம்பியை வேறு கடினத்திலோ வேறு உலோகத்திலோ மாற்றுங்கள், அல்லது நடுவில் வளையமோ புஷ்ஷோ வையுங்கள். கிரீஸ் மட்டும் தடவினால் சோதனை மேசையில் ஜெயித்துவிட்டுக் கதவில் தோற்கும். ஐரோப்பியக் கதவுக் கீல் தரநிலையான ஈஎன் 1935-இல் கீலின் தரப்படியைப் பொறுத்து 10,000, 25,000, 2,00,000 முறை திறந்து மூடும் சோதனை இருக்கிறது. கறுப்புத் தூள் வரும் கீலை அந்தச் சோதனைக்கு அனுப்புவதற்கு முன், சில நூறு முறை ஓட்டிக் கம்பியை உருவிப் பாருங்கள். கம்பியில் கீறல் சுற்றிலும் ஓடினால் உலோகச் சேர்க்கையை மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கீறியிருந்தால் கேஜ் கம்பியை எடுத்துக்கொண்டு மறுபடி நக்கிளின் அச்சுக்கோட்டுக்கே போக வேண்டும்.